முகம் போன காசு

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது, பழைய செப்புக் காசுகளைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். "அதுக்கு ஏம்ப்பா வாரக்கணக்கா மெனக்கெடறே? கொஞ்சம் புளியும் உப்பும் வெச்சுத் தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடுமே" என்றார்.

அம்மா சொன்னதில் தவறே இல்லை. எங்கள் வீட்டுக் குத்துவிளக்கும் செம்புக் குடமும் வியாழக்கிழமை சாயங்காலமானால் புளியில்தான் குளிக்கும். அந்தப் பழக்கம் என் கைக்கும் வந்திருந்தது. அதனால்தான் ஆறு வருடத்துக்கு முன்னால், பர்மிங்காமுக்கு வந்த புதிதில், எனக்குக் கிடைத்த முதல் பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமானியப் பேரரசுக் காசையும் அப்படியே தேய்த்தேன்.

அது இரண்டாம் ஜஸ்டின் காலத்துக் காசு. 565 முதல் 578 வரை கான்ஸ்டான்டிநோபிளில், இன்றைய இஸ்தான்புல்லில், ஆண்ட பேரரசர். அவர் காசை அடையாளம் காண்பது சுலபம்: அவரும் மனைவி சோபியாவும் அருகருகே அரியணையில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு வந்ததில் இரண்டு தலை, நடுவில் ஒரு சிலுவை, கால் மடிப்புகள் வரைக்கும் மங்கலாகத் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் தெளிவாகட்டும் என்று புளியைக் கரைத்து, கல் உப்பைச் சேர்த்துத் தேய்த்தேன். பத்து நிமிடத்தில் காசு இளஞ்சிவப்பாக மின்னியது. ஆனால் ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. இரண்டு மேடு மட்டும் இருந்தது.

ஏன் அப்படி ஆனது என்பது அப்புறம்தான் புரிந்தது. மண்ணுக்குள் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும் செப்புக் காசில், உலோகத்தின் மேல்தோல் கொஞ்சம் கொஞ்சமாக வேறு பொருளாக மாறிவிடுகிறது. உலோகத்தை ஒட்டி ஒரு சிவப்புப் படலம், அதன் மேல் பச்சை அல்லது கரும்பச்சைப் படலம். மூக்கு, விரல், எழுத்தின் ஓரம் எல்லாம் பல நேரங்களில் அந்தப் படலத்தில்தான் இருக்கின்றன. அடியிலிருக்கும் உலோகத்தில் அவை இருப்பதில்லை. புளியின் அமிலம் படலத்தைக் கரைத்தது. படலத்தோடு ஜஸ்டினும் சோபியாவும் போனார்கள்.

கதை அதோடு முடியவில்லை. மூன்று மாதம் கழித்து டப்பாவைத் திறந்தால் காசின் மேல் வெளிர்பச்சைத் தூள் பூத்திருந்தது. விரலால் தொட்டால் உதிர்ந்தது. இதற்கு வெண்கல நோய் என்று பெயர். குளோரைடு செம்போடு சேர்ந்திருக்கும். காற்றிலிருக்கும் ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அதிலிருந்து அமிலம் பிறக்கும். அந்த அமிலம் புதிதாகச் செம்பைத் தின்னும். தின்ற இடத்தில் மறுபடியும் குளோரைடு. இது தானாக நிற்காது. மண்ணிலிருந்தே குளோரைடோடு வரும் காசுகளும் உண்டு. என் காசுக்கு அதை உப்பாகக் கையால் தேய்த்து ஊட்டியவன் நான். 1,400 வருடத்துக்கு மேல் தாங்கி வந்த பொருள் என் கையில் ஒரு சாயங்காலம்கூடத் தாங்கவில்லை. அந்தக் காசைத் தனி டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இன்னும் வைத்திருக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கனக்கிறது.

சின்ன வயதில் கோயில் சொற்பொழிவுகளில் அடிக்கடி கேட்ட உவமை ஒன்று: செம்பும், அதன் மேல் பச்சையாகப் பிடிக்கும் களிம்பும். செம்பு என்றைக்கு உண்டானதோ அன்றைக்கே களிம்பும் உண்டு, உயிரோடு ஆணவமும் அப்படித்தான் ஒட்டியிருக்கிறது என்பார்கள். களிம்பு நீங்கினால் பொன்னாகும். சித்தாந்தத்தில் அது சரி. பழங்காசு சேர்க்கிறவனுக்குக் களிம்பு வேறு பொருள். பழைய செப்புக் காசில் நன்றாக இறுகிய களிம்பு ஒரு தோல். அதற்கு மேலே இருக்கும் மண், சுண்ணாம்பு, கட்டிப்போன அழுக்கு எல்லாம் எடுக்க வேண்டியவை. தோல் வந்ததும் கை நிற்க வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் நான் கற்றுக்கொண்டதில் பாதி, எங்கே நிற்பது என்பதுதான்.

மீதிப் பாதி, அழுக்கையும் தேய்மானத்தையும் பிரித்துப் பார்ப்பது. கேட்க எளிதாக இருக்கும். கையில் காசு இருக்கும்போது எளிதே இல்லை. அழுக்கு மேலே வந்து உட்கார்ந்தது, அதை எடுக்கலாம். தேய்மானம் என்பது இருந்தது போனது, அதை எதைப் போட்டும் கொண்டுவர முடியாது. ஆனால் முகம் தெரியாத காசைப் பார்த்ததும் மனசு, முகம் இன்னும் கொஞ்சம் உள்ளே இருக்கும், இன்னும் கொஞ்சம் சுரண்டினால் வந்துவிடும் என்றே சொல்லும். புதிதாக வருகிறவர்கள் கெடுக்கிற காசுகளில் பெரும்பாலானவை இந்த ஆசையால் கெடுகின்றன. எனக்கு ஒரு சோதனை உண்டு. அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சை மேசை மட்டத்தில் படுக்கவைத்து, காசின் மேல் வெளிச்சத்தைச் சாய்வாக விடுவேன். நிழல் சொரசொரப்பாக, ஒழுங்கில்லாமல் விழுந்தால் அழுக்கு. மழுங்கலாக, சோப்புக் கட்டி போல வழவழப்பாக விழுந்தால் அங்கே முகம் இல்லை. அதைக் கைகள் கொண்டுபோய்விட்டன.

தங்கக் காசு இப்படித் தேயவில்லை. அதைப் பூட்டி வைத்தார்கள், புதைத்தார்கள், கடல் கடந்து அனுப்பினார்கள். 6ஆம் நூற்றாண்டில் அலெக்ஸாண்ட்ரியாவைச் சேர்ந்த காஸ்மாஸ் என்ற வணிகர் ஒரு சம்பவத்தை எழுதி வைத்திருக்கிறார். சோபாத்ரோஸ் என்ற ரோமானிய வியாபாரியும் ஒரு பாரசீகரும் இலங்கை அரசன் முன்னால் நிற்கிறார்கள். உங்கள் இரண்டு பேரின் அரசர்களில் யார் பெரியவர் என்று கேள்வி வருகிறது. இரண்டு அரசர்களும் இங்கேயே இருக்கிறார்களே, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சோபாத்ரோஸ் காசுகளை எடுத்து வைக்கச் சொல்கிறார். ரோமானியர் பக்கம் பொன், பாரசீகர் பக்கம் வெள்ளி. ரோமானியருக்கு வெற்றி. அந்தப் பொற்காசுக்குக் கிடைத்த மரியாதை செம்புக்கு என்றைக்கும் கிடைத்ததில்லை. ரொட்டி வாங்கியதும் மீன் வாங்கியதும் பொதுக் குளியல் கூடத்துக்குக் கொடுத்ததும் செம்புதான். ஒரு பொற்காசுக்கு 210 செப்புக் காசு என்று இருந்ததை 6ஆம் நூற்றாண்டுப் பேரரசர் ஜஸ்டினியன் 180 ஆக்கினார் என்று அந்தக் காலத்து வரலாற்றாசிரியர் புரோகோபியஸ் குறைப்பட்டுக்கொள்கிறார். காசு மாற்றுகிறவன் பலகையில் எண்ணி எண்ணிப் போட்ட அந்த 180இல் ஒன்று என் மேசைக்கு வந்திருக்கிறது என்று நினைக்கும்போது, முகம் போனதில் எனக்கு வருத்தம் வருவதில்லை.

சரி, முகம் இல்லாத காசை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் காசைத் திருப்ப வேண்டும். எல்லோரும் ராஜாவின் பக்கத்தையே பார்க்கிறோம். பைசாந்தியச் செம்பில் விஷயம் எல்லாம் பின்பக்கம்தான் இருக்கிறது. 498இல் அனஸ்தாசியஸ் என்ற பேரரசர் செப்புக் காசு முறையைச் சீர்திருத்தினார். அதற்கு முன்னால் நகக்கண் அளவுக்குச் நும்மி என்ற சின்னச் சின்னக் காசுகள்தான் புழக்கத்தில் இருந்தன. பை நிறைய எடுத்துப்போக வேண்டும். அவர் 40 நும்மிக்கு ஒரே பெரிய காசு அடித்து, அதன் நடுவில் பெரிதாக ஒரு எழுத்தைப் போட்டார்: கிரேக்க எம். நம் பழைய எண்களில் 'க' ஒன்று, 'உ' இரண்டு, 'ய' பத்து என்பதுபோல, கிரேக்கர்களுக்கும் எழுத்தே எண். எம் என்றால் 40. கே 20, ஐ 10, ஈ 5. இந்த எழுத்து காசின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும். எவ்வளவு தேய்ந்தாலும் கடைசியில் போவது இதுதான்.

ஐயும் பீயும் சேர்ந்து இருந்தால் 12 நும்மி. காசு சின்னதாக, கட்டையாக, கனமாக இருக்கும். அது எகிப்து, அலெக்ஸாண்ட்ரியா. வேறு எந்த எழுத்தும் படிக்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் ஜஸ்டினியனுக்கு நான் நன்றி சொல்வேன். தன் ஆட்சியின் 12ஆம் வருடத்தில், அதாவது 538–539இல், அவர் இரண்டு காரியம் செய்தார். அதுவரை பக்கவாட்டில் பார்த்துக்கொண்டிருந்த முகத்தை நேராகத் திருப்பினார். அப்புறம், காசில் வருடத்தைப் போடவைத்தார். எம்முக்கு இடப்பக்கம் 'அன்னோ' என்று மேலிருந்து கீழாக எழுதியிருக்கும், வருடம் என்று அர்த்தம். வலப்பக்கம் ஆட்சி ஆண்டின் எண். எம்மின் கால்களுக்கு நடுவில் நாணயச்சாலையின் எந்தப் பட்டறையில் அடித்தது என்பதற்கு ஒரு எழுத்து. கீழே கோடு போட்டு, எந்த ஊர் நாணயச்சாலை என்று மூன்று நான்கு எழுத்து. ஆக ஒரு செப்புத் துண்டில் மதிப்பு, வருடம், ஊர், பட்டறை எல்லாம் இருக்கிறது. நம் பத்து ரூபாய் நாணயத்தில்கூட வருடத்துக்குக் கீழே ஒரு புள்ளி, ஒரு வைரம், ஒரு நட்சத்திரம் என்றுதான் நாணயச்சாலை தெரியும்.

இப்போது, வாரக்கணக்கில் நான் சுத்தம் செய்த காசுக்கு வருகிறேன். ஒரு பெரியவர் 1970களில் சேர்த்த பெட்டியிலிருந்து, ரசீதோடு வாங்கியது. கைக்கு வந்தபோது ஒரு பக்கம் சிமென்ட் பூசியதுபோல இருந்தது. மறுபக்கம் எம் மட்டும் தெரிந்தது. சுத்தம் செய்வதற்கு முன்பே எடை போட்டேன்: 21.3 கிராம். விட்டம் 40 மில்லிமீட்டரை ஒட்டி. நம் பத்து ரூபாய் நாணயம் 7.71 கிராம், 27 மில்லிமீட்டர். அதோடு ஒப்பிட்டால் இது கிட்டத்தட்ட மூன்று மடங்கு கனம். இவ்வளவு பெரிய செப்புக் காசு என்றாலே தேட வேண்டிய காலம் சுருங்கிவிடுகிறது. ஜஸ்டினியன் வருடம் போட ஆரம்பித்த அந்த முதல் சில ஆண்டுகளில்தான் காசு இந்த அளவுக்கு இருந்தது. போகப் போக எடை இறங்கியது. அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் கான்ஸ்டன்ஸ் காலத்துக்கு வந்தால் 4, 5 கிராமில், கத்தரியால் வெட்டியதுபோலக் கோணல்மாணலான துண்டுகள் அதே எம்மைத் தாங்கிக்கொண்டிருக்கும்.

காசை ஊறுகாய் பாட்டிலில் காய்ச்சி வடித்த நீரில் போட்டேன். குழாய்த் தண்ணீர் கூடாது, அதில் குளோரின் இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் தண்ணீரை மாற்றி, மென்மையான பல் பிரஷ்ஷால் இரண்டு நிமிடம் தேய்ப்பேன். அவ்வளவுதான். பலர் ஆலிவ் எண்ணெயில் மாதக்கணக்கில் ஊறப் போடுவார்கள். எண்ணெயிலும் மெல்லிய அமிலம் உண்டு, களிம்பையும் சேர்த்து இளக்கும், எனக்கு உடன்பாடில்லை. மின்சாரம் பாய்ச்சிச் சுத்தம் செய்கிறவர்களின் காசுகளைப் பார்த்திருக்கிறேன். உரித்த கோழிபோல இருக்கும்.

ஏழாவது வாரம் சிமென்ட் இளகத் தொடங்கியது. அதன் பிறகு நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து, ஈர மூங்கில் குச்சியால் வேலை. மூங்கில் மழுங்கினால் ரோஜா முள். முள்ளுக்கு ஒரு நல்ல குணம்: அழுக்கை விடக் கடினம், களிம்பை விட மென்மை. தவறாக அழுத்தினால் முள்தான் உடையும், காசுக்குக் கீறல் விழாது. ஒரு மணி நேரத்தில் ஒரு அரிசி அளவு இடம் சுத்தமாகும்.

கீழே ஊர்ப்பெயர் இருக்கும் இடத்தில் முதலில் தெரிந்தது ஒரு சாய்ந்த கோடு. அடுத்த நாள் அதோடு இன்னொரு சாய்வுக் கோடும் நிமிர்ந்த கோடும் சேர்ந்து, கே என்று ஆனது. எனக்குத் தூக்கம் போயிற்று. ஏனென்றால் கே ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்களுக்கு வரும். கிஸிக்கஸ் என்றால் கே முதல் எழுத்து. நிகொமேதியா என்றால் கே மூன்றாவது எழுத்து, அதற்கு முன்னால் இரண்டு எழுத்து நிற்க வேண்டும். கேவுக்கு இடப்பக்கம் முழுவதும் சுண்ணாம்பு. அதைத் தொடாமல் அளவுகோலை எடுத்து அளந்தேன். எம்மின் நடுவிலிருந்து நேராகக் கீழே இறங்கினால், கே அந்த நடுக்கோட்டுக்குக் கொஞ்சம் வலப்பக்கம் இருந்தது. முதல் எழுத்து அங்கே இருக்க முடியாது. இரண்டு வாரம் கழித்து சுண்ணாம்பு விட்டபோது இரண்டு நிமிர்ந்த கோடுகள் நின்றன: என்னின் ஒரு கால், அப்புறம் ஐ. நிகொமேதியா. இன்றைக்குத் துருக்கியில் இஸ்மித் என்று சொல்லும் ஊர். அங்கே இரண்டே பட்டறைகள்தான். எம்முக்கு நடுவில் இருந்த எழுத்து பீ, இரண்டாவது பட்டறை.

வலப்பக்கம் மேலே எக்ஸ், அதன் கீழே இரண்டு கோடு, அதன் கீழே ஒரு கோடு. ரோமன் எண்ணில் பதின்மூன்று. 539 ஏப்ரலிலிருந்து 540 மார்ச்சுக்குள் அடித்த காசு. கான்ஸ்டான்டிநோபிளில் ஹாகியா சோபியா தேவாலயம் திறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. அதே 540இல் பாரசீக அரசர் கொஸ்ரோ படையெடுத்து வந்து அந்தியோக்கியா நகரைச் சூறையாடினார். 542 வசந்தத்தில் தலைநகருக்குள் கொள்ளைநோய் வந்தது. அந்தக் காசு அப்போது யாரோ ஒருவருடைய மடியில் இருந்திருக்கும். அதைத் தொட்ட கைகளில் எத்தனை பேர் அந்த வருடத்தைத் தாண்டினார்களோ என்று நினைத்தபோது, குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

முன்பக்கத்தில் முகம் கிடையாது. தலைக்கவசத்தின் வளைவு ஒரு பக்கம் இருக்கிறது, வலப்பக்க வெளியில் ஒரு சின்னச் சிலுவை. இடது தோளில் குதிரைவீரன் பொறித்த கேடயம் இருக்க வேண்டும். அங்கே இன்னும் அழுக்கு ஒட்டியிருக்கிறது. குச்சியால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். அழுக்கோடு சேர்ந்து களிம்பும் அசைந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். அந்தக் குதிரைவீரன் அடியில் இருக்கிறானா இல்லையா என்று எனக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. டேவிட் சியர் தொகுத்த பைசாந்திய நாணயப் பட்டியலில் இந்த வகைக்கு எண் 201. முகத்தின் உதவியே இல்லாமல் அந்த எண்ணுக்கு வந்து சேர்ந்தேன்.

எல்லாக் காசும் இவ்வளவு நேர்மையாக நடந்துகொள்வதில்லை. ஹெராக்ளியஸ் காலத்துக் காசு ஒன்று என்னை ஒரு குளிர்காலம் முழுக்க அலைக்கழித்தது. 610 முதல் 641 வரை ஆண்ட பேரரசர். பாரசீகரோடு நீண்ட போர், சிரியாவும் எகிப்தும் கையை விட்டுப் போன நேரம், கஜானா காலி. புதிதாகச் செப்பு வில்லை தயாரிக்காமல், பழைய அரசர்களின் காசை எடுத்து, சில சமயம் துண்டாக வெட்டி, அதன் மேலேயே புது அச்சை வைத்து அடித்தார்கள். பழைய அச்சு முழுதாக அழியாது. என் காசில் இரண்டு பேர் நிற்கிறார்கள், ஹெராக்ளியஸும் மகனும். ஆனால் மகனின் தோளில் வேறொருவரின் காது இருக்கிறது. ஓரத்தில் தலைகீழாக எழுத்துகள் ஓடுகின்றன. இரண்டு காசுகளை ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். காகிதத்தில் இரண்டு நிறப் பென்சிலால் வரைந்தேன்: மேலே அடித்தது சிவப்பு, அடியில் இருந்தது நீலம். நீலக் கோடுகளைத் தனியாகப் பார்த்தபோது கூரான தாடி ஒன்று வந்தது. ஃபோகாஸ். ஹெராக்ளியஸ் யாரை இறக்கிவிட்டு அரியணை ஏறினாரோ, அவரேதான். தான் கொன்ற மனிதரின் முகத்தின் மேல் தன் உருவத்தை அடித்திருக்கிறார் என்று முதலில் சிலிர்த்தது. யோசித்தால், நாணயச்சாலைத் தொழிலாளிக்கு அது கையில் கிடைத்த செம்பு, அவ்வளவுதான்.

அரசர் பெயரே இல்லாத காசுகளும் உண்டு. யோவான் ட்ஸிமிஸ்கெஸ் என்ற பேரரசர், 969 முதல் 976 வரை ஆண்டவர், செப்புக் காசில் தன் உருவத்தை எடுத்துவிட்டு ஏசுவின் உருவத்தைப் போடவைத்தார். பின்பக்கம் 'ஏசு கிறிஸ்து, அரசர்களுக்கு அரசர்' என்று வரி வரியாக எழுத்து. 1092இல் பேரரசர் அலெக்ஸியஸ் காசு முறையையே மாற்றும் வரைக்கும் இந்த வழக்கம் இருந்தது. இதில் எந்தக் காசு எந்த அரசர் காலம் என்பதை ஏசுவின் தலைக்குப் பின்னாலிருக்கும் ஒளிவட்டச் சிலுவையின் கையில் எத்தனை புள்ளி, அவர் பிடித்திருக்கும் புத்தகத்தின் அட்டையில் என்ன அலங்காரம் என்று பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். தேய்ந்த காசில் அந்தப் புள்ளிகள்தான் முதலில் போகும். நான் இந்தப் பக்கம் அதிகம் போவதில்லை.

பர்மிங்காமில் இருப்பது எனக்குக் கிடைத்த கொடுப்பினை. இங்கே பல்கலைக்கழக வளாகத்திலிருக்கும் பார்பர் நுண்கலை நிறுவனத்தில் பைசாந்திய நாணயங்களின் மிகப் பெரிய தொகுப்பு ஒன்று இருக்கிறது. முதல் தடவை அங்கே போனபோது முழு முகத்தோடு, முழு எழுத்தோடு இருக்கும் ஜஸ்டினியன் காசைப் பார்த்து மலைத்துப்போனேன். வீட்டுக்கு வந்து என்னுடையதை எடுத்துப் பார்த்தேன். அங்கிருந்தது அச்சிலிருந்து வந்த அழகு. இது சந்தைக்குப் போய் வந்தது.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சுத்தம் செய்யாத காசுகள் என்று கிலோக் கணக்கில் இணையத்தில் விற்கிறார்கள். விலை மலிவு, ஆசை வரும். ஆரம்பத்தில் நானும் ஒரு பொட்டலம் வாங்கினேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. துருக்கியிலிருந்து தொல்பொருளை வெளியே எடுத்துப்போவது சட்டப்படி குற்றம். கருவி வைத்து இரவில் தோண்டி எடுக்கிற காசோடு, அது எந்த வீட்டின் தரையில், எந்தப் பானைக்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தியும் அழிகிறது. அதை எந்த நுண்ணோக்கியும் திருப்பிக் கொடுக்காது. புளி போட்டு நான் ஒரு காசைத்தான் கெடுத்தேன், அவர்கள் ஒரு ஊரையே தேய்க்கிறார்கள். இப்போதெல்லாம் பழைய சேகரிப்பிலிருந்து, காகிதத்தோடு வருவதை மட்டும்தான் வாங்குகிறேன். வருடத்துக்கு நான்கைந்து கிடைத்தால் அதிகம். ஒரு காசுக்கு மூன்று மாதம் என்றால் அதுவே போதும்.

போன வாரம் அம்மாவோடு வீடியோவில் பேசினேன். நிகொமேதியாக் காசை மெழுகு தடவி, துணியால் துடைத்து கேமரா முன்னால் பிடித்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"இத்தனை நாள் கழுவியும் கறுப்பாத்தான் இருக்கு. மூஞ்சியே இல்லையேப்பா?"

"மூஞ்சி தேய்ஞ்சு போச்சும்மா. ஆனா எந்த ஊரு, எந்த வருஷம், எந்தப் பட்டறைன்னு எல்லாம் தெரியும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பார்த்தார். பிறகு, "எங்க அம்மா இடுப்புச் சாவிக்கொத்துல ஒரு ஓட்டைக் காலணா கோத்திருப்பா. இப்படித்தான் வழவழன்னு இருக்கும். அதுலயும் ஒண்ணும் தெரியாது" என்றார்.

"அது இப்ப எங்கம்மா?"

"பீரோவுல இருக்கும். தேடிப் பாக்கறேன்."

"கெடைச்சா அப்படியே எடுத்து வைங்கம்மா. தேய்க்காதீங்க."

"தேய்க்கலைப்பா" என்றார்.